கர்டோசா மெத்தையின் நாற்றம்

எங்கள் பங்குக் கோயிலின் ஆண்டு மலர் போன வாரம் வந்தது. அதில் இரண்டு பக்கம் கர்டோசா மெத்தை வீட்டைப் பற்றி. ‘முத்து மணந்த மாளிகை’ என்று தலைப்பு. எழுதியவர் வில்பிரட் கர்டோசா, என் கணவருக்கு அண்ணன். அத்தான் என்று கூப்பிட்டு இருபத்திரண்டு வருடம் பழகிய வாய் இது. இல்லாவிட்டால் அவருக்கு வேறு பெயர் வைத்திருப்பேன். வாசித்து முடித்ததும் எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துத் துப்பினேன்.

மாளிகையாம். மணந்ததாம். தூண்களின் உயரம், பர்மா தேக்கு, கொழும்பிலிருந்து கப்பலில் வந்த வண்ணக் கண்ணாடி, எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கிறார். கடைசியில் வீடு ‘காலத்தின் கோலத்தால்’ அழிந்துபோனதாக ஒரு பெருமூச்சு வேறு. காலம் ஏணி வைத்து ஏறி ஓட்டைப் பிரித்ததை எங்கள் தெருவில் யாரும் பார்க்கவில்லை. பிரித்தவரைப் பார்த்தோம். அவருக்கு வழி செய்துகொடுத்த ஆள் நான். ஆகவே அந்த வீட்டின் வரலாற்றை எழுத எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

வீட்டைக் கட்டியவர் என் மாமனாரின் பாட்டனார். முத்துக்குளிப்பில் சம்பாதித்தவர். கோயிலில் முதல் பெஞ்சு அவர்களுக்கு, தேர் வடத்தில் முதல் பிடி அவர்களுக்கு. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளக்கல்லில் மாடி வைத்துக் கட்டியதால் ஊர் அதை மெத்தை என்று சொன்னது. தெருவைப் பார்த்துப் பதினொரு ஜன்னல். பின்கட்டில் குசினி, குசினியைத் தாண்டி முற்றம், முற்றத்தில் ஆறு தொட்டி. அத்தான் ஜன்னல்களை எண்ணி எழுதியிருக்கிறார். தொட்டிகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தத் தொட்டிகளால்தான் வீடே நின்றது. முத்துச் சிப்பி நாலைந்து கிடைத்தால் கத்தியால் பிளந்து பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் வந்தால் குவித்து அழுகத்தான் விட வேண்டும். சதை கரைந்து, புழு வைத்து, அந்தப் புழு தின்று தீர்த்த பிறகு கடல் தண்ணீர் ஊற்றி அலசி, அடியில் தங்கும் சேற்றில் முத்தைத் தேட வேண்டும். மற்றவர்கள் ஊருக்கு வெளியே மணலில் கொட்டகை போட்டு இதைச் செய்தார்கள். கர்டோசாக்களுக்குத் தங்கள் பங்குச் சிப்பி கண்ணைவிட்டு அகலக்கூடாது. ஆகவே வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து அழுகவிட்டார்கள். ஊர் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கும்பிடு போட்டது.

அலசுகிறவர்கள் முத்தை விழுங்கிவிடுவார்கள் என்று அவர்களுக்கு ஓயாத சந்தேகம். முற்றத்து மூலையில் ஜன்னலே இல்லாத ஓர் அறை உண்டு. சந்தேகப்பட்ட ஆளை அதில் அடைத்து, விளக்கெண்ணெயைக் குடிக்கவைத்து, ஒரு சட்டியையும் வைத்துவிட்டு இரண்டு நாள் வெளியே காத்திருப்பார்களாம். அந்தச் சட்டியைக் கிளறிய கை யாருடையதோ, அதில் அகப்பட்ட முத்து எந்தப் பெண்ணின் கழுத்தில் ஏறியதோ! இதை என்னிடம் ஏதோ சாமர்த்தியம்போலச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கல்யாணத்துக்குப் போட்ட முத்துச் சரத்தை அன்றே கழற்றி அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு தொடவில்லை.

நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது ஐம்பத்தேழில். பிறந்தது புன்னைக்காயலில். மீனோடு பிறந்து மீனோடு வளர்ந்தவள், வாடைக்குப் பயந்தவள் அல்ல. ஆனால் முதல் நாள் காலையில் பின்கட்டுக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்ததை வாடை என்று சொல்ல முடியாது. கண் எரிந்தது. நாக்கில் ருசி தெரிந்தது. ஆறு தொட்டியும் நிறைந்து, மேலே ஈ கறுப்பாக மூடிக் கிடந்தது. புழுக்கள் தொட்டி விளிம்பைத் தாண்டிக் குசினி வாசல்வரை ஊர்ந்து வந்திருந்தன. அதே குசினியில் எனக்கு இடியாப்பம் அவிந்துகொண்டிருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். யாரோ முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள்.

அமலோற்பவம் மைனி. என் கணவரின் மூத்த அக்கா, வீட்டுக்குத் தலைச்சன், கல்யாணம் ஆகாதவர். எனக்கு அப்போது இருபத்தொன்று, அவருக்கு நாற்பத்தேழு. வீட்டுச் சாவியெல்லாம் அவர் இடுப்பில் தொங்கும். தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அலசுகிறவர்களின் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டிருப்பது பதினாறு வயதிலிருந்து அவருக்கு இட்ட வேலை. நடுவில் பல வருடம் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. ஐம்பத்தைந்தில் மறுபடி தொடங்கியதும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். வேலையாட்களை நம்பாத வீட்டுக்கு அவருடைய கண் தேவைப்பட்டது. அவருக்கு ஒரு மாப்பிள்ளை தேவைப்படலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“இங்கன மூக்கப் பொத்தக் கூடாதுளா,” என்றார் மைனி. “அந்த வார்த்தையும் வாயில வரக் கூடாது. சொன்னா முத்து இறங்காது. மணக்குன்னு சொல்லு, இல்லன்னா வாய மூடிக்கிட்டு இரு.”

வாயை மூடிக்கொண்டேன். அங்கே எல்லோரும் அப்படித்தான். விருந்துக்கு வருகிறவர்கள் முற்றத்தைப் பார்த்து “நல்லா மணக்கு” என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, தெருமுனையில் போய் வாந்தி எடுப்பார்கள். ஒருவரும் உண்மையைச் சொன்னதில்லை. நாலு வருடம் அந்தச் சோற்றைத் தின்றேன். எதைத் தின்றாலும் அடித்தொண்டையில் சிப்பிதான்.

அறுபத்தொன்றோடு முத்துக்குளிப்பு நின்றது. தொட்டிகள் காய்ந்தன. அறுபத்துநாலில் மாமனார் இறந்தபோது உயிலில் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அமலோற்பவம் மெத்தையில் குடியிருக்கும்வரை அதை விற்கவோ இடிக்கவோ கூடாது. மகளுக்கு அவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். மெத்தை மகன்கள் இருவருக்கும் பொது, முற்றம் மட்டும் அத்தான் பங்கில் போனது. பின்சந்தில் முற்றத்துச் சுவருக்கு எதிரே இருந்த பழைய குதிரை லாயம் எங்களுக்கு வந்தது, அதையே வீடாக்கிக்கொண்டோம். அத்தான் ஊருக்கு மேற்கே புது பங்களா கட்டிக்கொண்டு போனார். மெத்தையில் மைனி மட்டும் தங்கி, ஆளில்லாத அறைகளைத் தினமும் திறந்து பெருக்கிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு புதுத் துறைமுக வேலை வந்தது. ஊர் முழுக்க லாரியும் ஒப்பந்தக்காரர்களுமாக நிறைந்தது. தங்க இடம் போதவில்லை. மெத்தை இருக்கிற இடத்தில் லாட்ஜ் கட்ட ஓர் ஆள் அத்தானைத் தேடி வந்தார். அத்தான் அக்காவைத் தேடி வந்தார். அப்பா இறந்த பிறகு அந்தப் படியை அவர் மிதித்தது அன்றுதான்.

“எக்கா, ஒத்த மனுசிக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு? எங்கூட வந்து இரியேன்.”

“எனக்கு இது பெருசில்லடே. அப்பா இருக்கச் சொன்ன இடத்துல இருக்கேன்,” என்றார் மைனி.

அத்தான் சண்டை போடவில்லை. சிரித்துக்கொண்டே போனார். அடுத்த மாதம், அது எழுபத்திரண்டு, தன் பங்கு முற்றத்தை ஸ்ரீவைகுண்டம் பக்கத்து விவசாயி சங்கரபாண்டியனுக்குக் குத்தகைக்கு விட்டார். மீன் கழிவை மக்கவைத்து வயலுக்கு உரமாகக் கொண்டுபோவது அவர் தொழில். தொட்டிகள்தான் தயாராக இருந்தனவே. சுறாத் தலை, திருக்கைக் குடல், ஏலத்தில் விலைபோகாமல் கெட்டுப்போன மீன் என்று வண்டி வண்டியாக வந்து விழுந்தது. ஒரு வாரத்தில் அது பொங்கி, நுரைத்து, பழுப்புத் தண்ணீராகச் சந்துச் சாக்கடையில் இறங்கி எங்கள் வாசலைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

“பாத்துக்க மரியான், ஒரு மாசம் தாங்க மாட்டா. தானா கெளம்பிருவா,” என்று என் கணவரிடம் அத்தான் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

சிப்பித் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வளர்ந்த பெண்ணை நாற்றத்தைக் காட்டி விரட்டலாம் என்று நினைத்த மூளையை என்னவென்று சொல்வது! ஒரு மாதம் போயிற்று. ஆறு மாதம் போயிற்று. மைனி அசையவில்லை. சங்கரபாண்டியனே ஒரு நாள் எங்கள் வாசலில் நின்று அங்கலாய்த்தார்.

“நானே மூக்குல துண்டக் கெட்டிக்கிட்டுதான் உள்ள போறேன், தாயி. அந்த அம்மா தொட்டிப் பக்கத்துல உக்காந்து கஞ்சி குடிக்காவ. அவுக மனுசிதானா?”

அந்த நாற்றம் அவருடைய சேலையில் ஏறியது, கூந்தலில் ஏறியது, ஜெபமாலையில்கூட ஏறியது. ஞாயிறு பூசைக்கு வந்தால் முதல் பெஞ்சில் அவர் மட்டும் இருப்பார். பின்னால் மூன்று பெஞ்சு காலியாகக் கிடக்கும். ஜனங்கள் தூண்களுக்குப் பின்னால் நெருக்கியடித்து நிற்பார்கள். பூசை முடிந்து வெளியே வந்த மைனி ஒரு தடவை என்னிடம் சொன்னார்: “நம்ம குடும்பத்து மேல சனங்களுக்கு இன்னும் மரியாத இருக்குளா. பக்கத்துல உக்காரக்கூட மாட்டேங்காவ.” நான் மூச்சை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். அப்படி அருவருத்தேன் அவரை. கையைப் பிடித்துப் படியிறங்க உதவ வேண்டிய இடத்தில் நாலடி தள்ளி நின்றேன்.

என் மகள் ஞானசௌந்தரி ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று பிள்ளைகள் சொன்னார்களாம். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, சீருடையை முகர்ந்து பார்த்து, மறுபடி அழுதாள். அன்றே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நகராட்சிக்கு மனு எழுதினேன். அதில் மைனியின் பெயரை எழுதவில்லைதான். ஆனால் எழுதும்போது என் கண்ணுக்குள் நின்றது அத்தானின் முகம் அல்ல, தொட்டியோரம் கஞ்சி குடிக்கும் மைனியின் முகம். முதல் கையெழுத்து நான் போட்டேன். சந்தில் வீடு வீடாக ஏறி முப்பத்தொரு கையெழுத்து வாங்கினேன். எதிரே இருக்கிற ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அங்கே போய் ‘நாறுது மைனி’ என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பழைய கட்டளை அவ்வளவு ஊறிப்போயிருந்தது.

சுகாதார ஆய்வாளர் வந்தார். கைக்குட்டையை எடுக்காமலே பார்த்து எழுதிக்கொண்டு போன நல்ல மனிதர். உத்தரவும் நியாயமாகத்தான் வந்தது. கழிவை அகற்ற வேண்டும், தொட்டிகளை உடைக்க வேண்டும், வீடு முழுக்க மருந்தடித்துச் சுண்ணாம்பு பூச வேண்டும், அதுவரை ஒரு மாதம் யாரும் உள்ளே குடியிருக்கக் கூடாது. சங்கரபாண்டியன் அன்று மாலையே வண்டியைக் கட்டினார். அத்தான் காரில் வந்து இறங்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி.

“ஒரே ஒரு மாசந்தான்க்கா. சுண்ணாம்பு காஞ்சதும் வந்துரலாம்.”

“சர்க்கார் சொன்னா போவத்தானே வேணும்,” என்றார் மைனி. ஆனால் காரில் ஏறவில்லை. என்னைக் கைகாட்டினார். “விக்டோரியா வீட்டுல இருக்கேன். வாசல்ல உக்காந்தா வீடு தெரியும்.”

ஒரு தகரப் பெட்டியோடு சந்தைத் தாண்டி வந்தார். எட்டு நாள் எங்கள் வாசலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் காலையில் ஆட்கள் கூரைமேல் ஏறி ஓடுகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

“சுண்ணாம்படிக்க ஓட்ட எதுக்குடே இறக்குதிய?” என்று கீழேயிருந்து கத்தினார் மைனி. மேலே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஓட்டைக் கழற்றினார்கள்.

நானே அத்தான் பங்களாவுக்குப் போய்க் கேட்டேன். காலை ஆகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “உயில்ல என்ன இருக்கு? குடியிருக்க வரைக்கும்னு இருக்கு. இப்பம் அங்கன குடியிருக்காளா? இல்லல்லா?” என்றார். பிறகு, என்னைப் பார்த்துச் சிரித்தபடியே, “நீதான் நல்ல காரியம் பண்ணுன. ஒன்னர வருசமா என்னால முடியாதத ஒரு தாள்ல முடிச்சிட்ட,” என்றார். வாயோரத்தில் முட்டை மஞ்சள் ஒட்டியிருந்தது. அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அருவருப்பு என்றால் என்னவென்று நான் சரியாகத் தெரிந்துகொண்டது சிப்பித் தொட்டியில் அல்ல, அந்தச் சாப்பாட்டு மேசையில். அதில் பாதி என்மீதே.

என் கணவர்? அவர் தன் பங்கை வாங்கிக்கொண்டு மூன்று நாள் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தார். நாலாம் நாள் பார்த்தார். அவ்வளவுதான் அவர்.

பங்களாவிலிருந்து நான் திரும்பிய அன்று சாயங்காலம் மைனி என்னைக் கூப்பிட்டார். எதிரே வண்ணக் கண்ணாடியைச் சட்டத்தோடு பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மனுவுல ஒம்பேருதான் மொதல்ல இருந்துதாமே. என்ன எழுதுன?”

“நாத்தம் தாங்க முடியலன்னு எழுதுனேன், மைனி.” பதினாறு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் முன்னால் அன்றுதான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. யோசித்தார். “அவ்வளவு நாறிச்சா?”

எனக்குத்தான் கோபம் வந்தது. “உங்களுக்குத் தெரியலையாக்கும்?”

“எனக்கு மூக்கு செத்து நாப்பத்தாறு வருசமாச்சுளா,” என்றார். “தொட்டிப் பக்கத்துல ரெண்டாவது வருசம் உக்காந்தப்பமே போச்சு. மல்லிகப்பூவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. அப்பாகிட்டகூட சொல்லல. சொன்னா, உழைக்க மாட்டாம சாக்கு சொல்லுதான்னுவாவ. மீன் கிடக்குன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுது. சிப்பி கெடந்த எடந்தானேன்னு இருந்துட்டேன். ஊருக்கே தாங்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. அன்னைக்கே அவன வண்டியக் கெட்டச் சொல்லிட்டு, நானே எறங்கித் தொட்டியக் கழுவி விட்டிருப்பேனே.”

“நீங்கதான மைனி சொல்லக் கூடாதுன்னிய!”

“அது சிப்பிக்குளா. சுறாத் தலைக்கா சொன்னேன்?”

அந்த வருடத்துக்குள் மெத்தை தரைமட்டமாயிற்று. தேக்கை ஒருவன் கொண்டுபோனான், பவளக்கல்லை உடைத்து எங்கோ பள்ளத்தில் கொட்டினார்கள். இப்போது அங்கே நாலு மாடி லாட்ஜ் நிற்கிறது. அதன் கக்கூஸ் தண்ணீர் அதே சந்துச் சாக்கடையில் வருகிறது. அதற்கு யாரும் இதுவரை மனு எழுதவில்லை.

மைனி எங்களோடு மூன்று வருடம் இருந்தார். விடிந்ததும் குளிப்பார், மத்தியானம் குளிப்பார், கட்டியிருக்கிற சேலையையே மறுபடி துவைப்பார். ஒவ்வொரு நாளும் குசினி வாசலில் வந்து நின்று கேட்பார்: “ஏளா, எம்மேல ஏதும் நாறுதா? நாறுனா சொல்லிரு. சொல்லாம இருந்துராத.” “இல்ல மைனி” என்பேன். அது உண்மைதான். சோப்பு வாசனைதான் வரும். ஆனாலும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

எழுபத்தாறில் படுக்கையில் விழுந்தார். இடுப்புக்குக் கீழே புண் வந்து சீழ் வைத்தது. ஒரு நாள் காலையில் கஞ்சி கொண்டுபோனபோது வழக்கம்போலக் கேட்டார். அன்று உண்மையிலேயே நாறியது. ஒரு தடவை சொல்லாமல் விட்டு ஒரு வீட்டைத் தொலைத்தாயிற்று, இனி எதற்கு மறைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

“நாறுது மைனி. இருங்க, வெந்நி வச்சுத் தொடச்சு விடுதேன்.”

வெந்நீரோடு திரும்பி வந்தபோது அவர் எப்படியோ பாதி எழுந்து உட்கார்ந்திருந்தார். தலைமாட்டில் கிடந்த மாற்றுச்சேலையை மடித்து மடியில் வைத்து, அதன்மேல் ஜெபமாலையையும் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டிலைவிட்டுக் காலை இறக்கப் பார்த்தார்.

“எத்தன நாளைக்குளா வெளிய இருக்கணும்?” என்று கேட்டார்.